சந்தனப் பொட்டு வைத்த பெட்டி

எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. இந்தத் தாமானில், அதாவது எங்கள் குடியிருப்பில், எல்லா வீட்டிலும் அப்படி ஒன்று உண்டு. பிள்ளைகள் வாங்கிய கோப்பைகள், லங்காவியில் வாங்கி வந்த பீங்கான், விருந்தாளிக்கென்று எடுத்துவைத்து எந்த விருந்தாளிக்கும் எடுக்காத கண்ணாடிக் குவளைகள், இவைதான் அதில் இருக்கும். எங்கள் அலமாரியில் பதினொரு பெட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தீபாவளி முறுக்கு டின் அளவு பெரியது. உள்ளே இருப்பது ஹார்டு ராக். ஐம்பது வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் தலைமுடி வளர்த்த நாலைந்து பேர் சேர்ந்து கித்தாரை அலறவிட்டுப் பாடிய பாட்டுகள்.

அந்தப் பாட்டுகளை நான் ஏற்கெனவே நான்கு முறை வாங்கியிருக்கிறேன். முதலில் பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் நகலெடுத்து விற்ற கேசட்டாக. வேலைக்குப் போனதும் அசல் கேசட்டாக. பிறகு சிடியாக. அதற்குப் பிறகு ஒலியைச் சீராக்கிய சிடியாக. இப்போது அதே பாட்டுகள் பெட்டியாக வருகின்றன. ஒவ்வொரு முறையும் உறையில் ஒரே வாக்குறுதிதான்: இதுவரை நீங்கள் கேட்டிராத தெளிவு. அப்படியென்றால் போன முறை எனக்கு எதை விற்றீர்கள் என்று ஒரு சுயமரியாதை உள்ள ஆள் கேட்டிருக்க வேண்டும். நான் முன்பதிவு செய்தேன்.

ஒரு பெட்டியைப் பிரித்தால் பழைய ஆல்பம் இருக்கும். அதே ஆல்பம் வேறு விதமாக ஒலி கலக்கப்பட்டு இன்னொரு தட்டில் இருக்கும். மூன்றாவது தட்டில் ஒத்திகைகள். பாடகர் இருமுகிறார், கித்தார் தப்பான இடத்துக்குப் போகிறது, யாரோ கெட்ட வார்த்தை சொல்லி நிறுத்துகிறார். அந்தக் காலத்தில் இதையெல்லாம் தூக்கிப் போட்டார்கள். இப்போது தீய்ந்த வடையைப் பொறுக்கி வெள்ளித் தட்டில் பரிமாறுவது போலப் பெட்டியில் வைக்கிறார்கள். கூடவே ஒரு தடித்த புத்தகம், சுவரில் ஒட்டக் கூடாத சுவரொட்டி, நான் போகாத கச்சேரியின் நுழைவுச்சீட்டு நகல். என்னிடம் போகாத கச்சேரிகளின் சீட்டுகள் ஏழு இருக்கின்றன.

என் மனைவிக்கு இது பாட்டே கிடையாது. இருபத்தாறு வருடமாக இதற்கு அவள் வைத்திருக்கும் பெயர் 'கத்தல்'. "கத்தலச் சின்னதா வைங்க," என்று தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வாள். அவள் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறவள். மெஷின் ஓடும் சத்தத்துக்குள் என் கத்தல் எப்படி அவளுக்குக் கேட்கிறது என்பது எனக்குப் புரிந்ததே இல்லை. நானும் ஒவ்வொரு தடவையும் குறைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

நான் இதில் விழுந்தது இங்கே மலேசியாவில், கெடா மாநிலத்துக் குருண் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது. குருண் பசார் மாலாமில் வாங்கிய அந்த முதல் கேசட் அட்டை இல்லாதது, பாட்டின் பெயர்கள் தப்பானவை, டேப்பும் குட்டை. கடைசிப் பாட்டு பாதிக் கித்தாரில் டக்கென்று நின்றுவிடும். நான் அதுதான் முடிவு என்று பல வருடம் நம்பினேன். எவ்வளவு துணிச்சலான ஆட்கள், இப்படி நடுவில் நிறுத்துகிறார்களே என்று வியந்தும் இருக்கிறேன். பிறகு அசல் கேசட்டில் அந்தப் பாட்டு இன்னும் மூன்று நிமிடம் போனபோது, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

நான் பிரித்த முதல் பெட்டியின் புத்தகத்தில்தான் ஒரு விஷயம் படித்தேன். இந்த வெள்ளைக்காரப் பையன்கள் தாங்களாகவே எதையும் கண்டுபிடிக்கவில்லையாம். அமெரிக்காவில் பருத்தித் தோட்டங்களில் வேலை செய்த கறுப்பின மக்கள் பாடிய புளூஸ் பாட்டுகளைத் தட்டில் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டு, சத்தத்தை மட்டும் கூட்டினார்களாம். பருத்தித் தோட்டத்தில் கிளம்பிய பாட்டு லண்டன் போய், அங்கிருந்து சுற்றிச் சுற்றிக் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எனக்கு ஒரே பெருமை. ஓடிப்போய் மனைவியிடம் சொன்னேன். அவள் வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே, "அப்ப அந்தத் தோட்டத்து ஆளுங்களுக்கும் பெட்டி போட்டாங்களா?" என்று கேட்டாள். நூற்றுச் சொச்சம் பக்கம் உள்ள அந்தப் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை.

முதல் இரண்டு பெட்டிகளைத்தான் நான் பிரித்தேன். மற்ற ஒன்பதும் வந்தபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையோடு அப்படியே இருந்தன. அதற்குக் காரணம் மெர்கோங் அண்ணன்.

மெர்கோங் அண்ணன் என்று நான் சொல்வது அலோர் ஸ்டாரில் மெர்கோங்கில் இருக்கும் ஓர் ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரியை. யாழ்ப்பாணத்துக் குடும்பம். பெட்டி சேகரிப்பவர்களின் இணையக் குழு ஒன்றில் கெடாக்காரர்கள் என்று நாங்கள் இரண்டே பேர். முதல் முறை அவர் வீட்டுக்குப் போனபோது, அவரும் அவர் மனைவியும் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏர்கான் உள்ளறையில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளறையில் பெட்டிகள் இருந்தன. எல்லாவற்றிலும் இரண்டு இரண்டு. ஒன்று கேட்பதற்கு, இன்னொன்று உறையோடு வைப்பதற்கு.

"திறந்தால் அது பாட்டு, ஐசே. திறக்காட்டித்தான் அது பெட்டி," என்றார். 'ஐசே' என்றுதான் அவர் யாரையும் கூப்பிடுவார்.

எனக்கு அது பெரிய தத்துவமாகப் பட்டது. ஆனால் என் நிலைமைக்கு ஒவ்வொன்றிலும் ஒன்றுதான் வாங்க முடியும். அதனால் அவருடைய கொள்கையில் பாதியைக் கடைப்பிடித்தேன். பெட்டியை உறையோடு அலமாரியில் வைத்துவிட்டு, அதே பாட்டுகளைக் கைப்பேசியில் கேட்டேன். நடுநடுவே சோப்பு விளம்பரம் வரும். அலமாரியைப் பார்த்துக்கொண்டே கேட்பேன்.

இனி என் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். மேல்மாடியில் தூசு இல்லாத அறையில் வெள்ளை அங்கி போட்டுக் கணினிச் சில்லு செய்கிறார்கள். அவர்களுக்குக் கீழே பம்புகள் ஓடும் அறையில் என் வேலை. அங்கே பேச வேண்டுமென்றால் கையை ஆட்ட வேண்டும். காதை மூடும் மஃப் கட்டாயம், அதைத் தாராளமாகவும் கொடுத்தார்கள். நான் என்ன செய்தேன் என்றால், மஃப்புக்குள் சின்ன இயர்போனைச் செருகி, பம்புச் சத்தத்தை அமுக்கும் அளவுக்குப் பாட்டைக் கூட்டி வைத்துக் கேட்டேன். ஏறக்குறைய பதினைந்து வருடம். மேலதிகாரிகள் என்னைக் காட்டி, மஃப்பைக் கழற்றாத ஊழியர் என்று புதியவர்களுக்கு உதாரணம் சொல்வார்கள்.

வருடா வருடம் செவிச் சோதனை உண்டு. ஒரு சின்னக் கூண்டுக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, 'பிப்' என்று கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். கூண்டுக்குக் கண்ணாடி சன்னல். வெளியே தாதியின் கை குமிழைத் திருகுவது தெரியும். அவள் தோள் அசைந்தால் நான் அழுத்துவேன். இப்படி இரண்டு வருடம் எனக்குப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் காது என்று முடிவு வந்தது. இந்த வருடம் ஒரு புதிய தாதி. மூன்றாவது அழுத்தலிலேயே கதவைத் திறந்து, "என்சிக், ஜாங்கான் தெங்கோக் சாயா," என்றாள். என்னைப் பார்க்காதீர்கள் என்று பணிவாகச் சொல்லிவிட்டு, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். சுவரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்றுமே வரவில்லை. சோதனை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அவள் வந்து முடிந்துவிட்டது என்றாள்.

உயர்ந்த ஒலிகள் இரண்டு காதிலும் போய்விட்டன, வலது காதில் ரொம்ப மோசம், ஆஸ்பத்திரியில் காது மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு கடிதம் கொடுத்தார்கள். அதை நாலாக மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, அலமாரியில் புதிதாக வந்திருந்த பதினோராவது பெட்டிக்குப் பின்னால் செருகினேன். மனைவியிடம் சொன்னால் கத்தல் கேட்டுத்தான் காது போச்சு என்பாள். அதைவிடக் கொடுமை, அவள் சொல்வது சரியாக இருக்கும். ஆனால் உண்மையான காரணம் அது இல்லை. எனக்குப் பயம். காதில் மெஷின் மாட்டிக்கொண்டு, கேட்டதையே திரும்பக் கேட்கும் ஆளாக என்னை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதனால் வீட்டில் யார் என்ன சொன்னாலும் புன்னகையோடு தலையாட்டப் பழகிக்கொண்டேன். அப்படித் தலையாட்டியே சமையலறைக்கு மஞ்சள் சாயம் அடிக்கச் சம்மதித்திருந்தேன் என்பது, சாயக்காரர் வந்து இறங்கிய அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தப் பதினோராவது பெட்டிக்கு ஒரு விசேஷம் உண்டு. அது என் முதல் கேசட்டில் இருந்த அதே ஆல்பம். பசார் மாலாம்காரர் பாதியில் வெட்டிய அந்தக் கடைசிப் பாட்டு முடிந்த பிறகும், ஒலிப்பதிவு அறையில் டேப் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தத் துண்டை இப்போது தேடியெடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு நாற்காலி நகர்கிறது, யாரோ டிரம்மோடு இருக்கும் சிம்பல் என்ற தாளத் தட்டை லேசாகத் தட்டுகிறார்கள், பிறகு ஒருவர் சிரிக்கிறார். இதுதான் இந்தப் பதிப்பின் பெருமை. அந்தத் துண்டு கைப்பேசியிலும் வந்திருந்தது. கேட்டேன். பாட்டு முடிந்தது, பிறகு ஒன்றுமில்லை. கைப்பேசியில் கோளாறு என்று முடிவு செய்து புது இயர்போன் வாங்கினேன். அப்போதும் ஒன்றுமில்லை. மெர்கோங் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அந்தச் சிரிப்பு, ஐசே! பக்கத்தில நிண்டு சிரிக்கிற மாதிரி," என்றார்.

அன்றிலிருந்து அந்தப் பெட்டியைப் பிரிக்கக் கூடாது என்பதில் மெர்கோங் அண்ணனைவிட நான் தீவிரமாகிவிட்டேன். மூடியிருக்கும் வரை அந்தச் சிரிப்பு உள்ளே பத்திரமாக இருந்தது. குறை கைப்பேசியில்தான், என் காதில் இல்லை. பிரித்துப் போட்டுக் கேட்காமல் போனால் அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ள என்னிடம் எதுவும் மிஞ்சாது. நாற்பது வருடமாக நான் காசு, நேரம், காது மூன்றையும் கொடுத்து வளர்த்த ஒன்று என்னை விட்டுப் போய்விட்டது என்று உறுதியாகிவிடும். மற்றவர்களிடம் மட்டும், உறை பிரிக்காத பெட்டிக்குத்தான் மதிப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்படி இருக்கும்போது சரஸ்வதி பூசை வந்தது.

எங்கள் வீட்டில் அன்றைக்குச் சாமி படத்துக்கு முன்னால் மனைவியின் தையல் மெஷின், கத்தரிக்கோல், என் ஸ்பேனர் பெட்டி, காடிச் சாவி, அதாவது கார்ச் சாவி, மகளின் பாடப் புத்தகங்கள் எல்லாவற்றையும் வைத்துப் பொட்டு வைப்போம். வைத்தால் அன்று முழுக்க அவற்றைத் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் ஒவ்வொன்றையும் எடுத்துக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். மெஷினில் ஒரு தையல், புத்தகத்தில் ஒரு பக்கம், காடியில் தாமானை ஒரு சுற்று. இதில் என் மனைவி படு கறார். எடுத்துப் பயன்படுத்தாவிட்டால் அந்த வித்தை நம்மை விட்டுப் போய்விடும் என்பாள்.

அன்று தொழிற்சாலை பஸ்ஸில்தான் போனேன். வேலை முடிந்து ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். சுண்டல் வாசம். சாமி படத்துக்கு முன்னால் மெஷின், கத்தரிக்கோல், சாவி. நடுவில், மகளின் புத்தகங்கள் இருக்க வேண்டிய இடத்தில், என் பதினோராவது பெட்டி நின்றது. பிளாஸ்டிக் உறையின் மேல் மூன்று இடத்தில் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். ஒரு பொட்டு, இத்தனையாவது பிரதி என்று எண் அச்சிட்ட ஸ்டிக்கரின் மேல் மிகச் சரியாக உட்கார்ந்திருந்தது.

"இத ஏன் வச்ச?" என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"பின்ன? மக யூனிவர்சிட்டிக்குப் போனப்ப எல்லாப் புத்தகத்தையும் தூக்கிட்டுப் போயிட்டா. வீட்டுல ஒரு புக்கு இல்ல. இதுக்குள்ள தடியா ஒண்ணு இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இது தொறக்காத பெட்டிலா."

"நாளைக்குத் தொறந்துடுங்க," என்றாள். இதைவிடச் சாதாரணமாக ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியாது.

வாயைத் திறந்தேன். அப்போதுதான் பெட்டிக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாள் எட்டிப் பார்ப்பதைக் கண்டேன். நாலாக மடித்த தாள். தொழிற்சாலையின் முத்திரைக்குப் பக்கத்தில் அதற்கும் ஒரு பொட்டு வைத்திருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் சுண்டலுக்குத் தேங்காய் தூவிக்கொண்டிருந்தாள். நான் குளிக்கப் போனேன்.

குளித்துவிட்டு வந்து, வாசலில் நின்று, மெர்கோங் அண்ணனுக்குப் போன் செய்தேன். கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. பொட்டைப் பற்றி மட்டும் சொன்னேன்.

"துடைச்சுப் போடாதீர், ஐசே. கீறல் விழும். அப்படியே விடும்," என்றார்.

"நாளைக்குப் பிரிக்கணும்ங்கிறா அண்ணே."

"நாங்கள் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போற ஆக்கள். எங்களிட்ட இந்தத் தொல்லை இல்லை," என்றார். பாவம், அவரால் முடிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

மறுநாள் காலை நான் லீவு. மனைவி விளக்கேற்றிவிட்டு மெஷினை எடுத்து, ஒரு துண்டுத் துணியில் நேராக ஒரு தையல் போட்டாள். நான் காடியில் தாமானை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தேன். இரண்டாவது சுற்றும் போயிருப்பேன். ஆனால் அவள் வாசலில் நின்று கையைக் காட்டிவிட்டாள். உள்ளே போனதும் அந்தத் தாளைத்தான் முதலில் நீட்டினாள்.

"மொத இது. வச்சதெல்லாம் எடுத்துப் படிக்கணும்."

நின்றபடியே படித்தேன். மலாயில் இருந்ததை வாய்விட்டு, ஒரு வரி விடாமல், பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு நிற்கும் பையனைப் போலப் படித்தேன். இடது காது, வலது காது, எத்தனை டெசிபல், எந்த மருத்துவர். முடித்ததும் அதைப் பழைய மடிப்பிலேயே மடித்தேன்.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றேன்.

"இந்தச் சூராட்டுக் கடுதாசிய நேத்துதான் பாத்தேன். காது விசயம் ரெண்டு வருசமாத் தெரியும். நான் எப்பவும் உங்களுக்கு எந்தப் பக்கம் உக்கார்றேன்?"

யோசித்துப் பார்த்தேன். சாப்பாட்டு மேசையில், சோபாவில், கோயிலில்கூட, இடது பக்கம்.

"மஞ்சச் சாயத்துக்கு நீங்க தலையாட்டுனப்பவே முடிவாயிருச்சு. உங்களுக்குத்தான் மஞ்சளே புடிக்காதே."

"தெரிஞ்சுமா அடிக்க விட்ட?"

"எனக்குப் புடிக்கும்லா," என்றாள்.

பிறகு பூசையில் வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்து என் கையில் கொடுத்தாள். உறையின் ஓரத்தில் நுனியை வைத்து இழுத்தேன். பிளாஸ்டிக் கிழிவது விரலில்தான் தெரிந்தது. காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்து தரையில் விழுந்தது. உள்ளே அந்தத் தடித்த புத்தகம் இருந்தது. அவள் அதைத் திறந்து ஒரு பக்கத்தை விரலால் தடவிவிட்டு, படித்ததாகக் கணக்கு என்று ஓரமாக வைத்தாள். நான் முதல் தட்டை எடுத்து, நேராகக் கடைசிப் பாட்டுக்குப் போனேன். மனைவி வந்து சோபாவில் எனக்கு இடது பக்கம் உட்கார்ந்தாள். இருபத்தாறு வருடத்தில் அவள் அந்தப் பாட்டுக்காக உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை.

கித்தார் அலறியது. அதெல்லாம் எனக்குக் கேட்டது. பசார் மாலாம் கேசட் வெட்டிக்கொண்ட இடம் வந்தது, போனது. பாட்டு மெல்ல அடங்கியது. சிடி பிளேயரின் சின்னக் கண்ணாடியில் நொடிகள் மட்டும் ஓடின. நான் இடது காதைத் திருப்பினேன். மூச்சைப் பிடித்தேன். ஒன்றுமில்லை. தாதி திருப்பிவைத்த நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்த அதே ஒன்றுமில்லை.

"எனக்கு ஒண்ணும் கேக்கல," என்றேன். அதை ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை.

"ஷ், இருங்க," என்று அவள் விரலைத் தூக்கினாள். "நாற்காலிய இழுக்கிறான். கிறீச்சுன்னு சத்தம்... இப்ப தாளத் தட்ட யாரோ விரலால தட்டுறான். சின்னதா... நிறுத்திட்டான்." கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு அவள் முகம் அப்படியே விரிந்தது. குலுங்கிச் சிரித்தாள்.

"என்ன?"

"ஒருத்தன் சிரிக்கிறான்லா. அடக்க முடியாம சிரிக்கிறான். எதுக்குன்னே தெரியல, எனக்கும் வருது."

நாற்பது வருடம் நான் துரத்திய பாட்டின் கடைசி முடிவு எங்கள் வீட்டுச் சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. கண்ணைத் துடைத்ததை அவள் பார்த்தாள்.

"திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறோம்," என்றாள். இதற்கு நான் தலையாட்டியது, கேட்டுத்தான். "எப்பவும் நானே சொல்லிக்கிட்டு இருக்க முடியாது. இப்ப இன்னொரு தடவ போடுங்க."

எழுந்துபோய் மறுபடியும் அந்தப் பாட்டைப் போட்டேன். பழக்க தோஷம், கை தானாகவே ஒலியைக் குறைக்கும் குமிழுக்குப் போனது.

"குறைக்காதீங்க," என்றாள் மனைவி. "கூட்டுங்க. நல்லா கூட்டி வைங்க."